மெக் மோட் கோளாறுகள்: பட்டனை மறுபடி அழுத்துவதற்கு முன்

மெக்கானிக்கல் மோட், சுருக்கமாக மெக் மோட், என்பது ஒரு வகை மின்சிகரெட் (வேப் கருவி): ஓர் உலோகக் குழாய், ஒரு பேட்டரி, ஒரு பட்டன், மேலே ஓர் அட்டோமைசர், அதாவது காயில் என்ற கம்பிச் சுருளால் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதி. உள்ளே சர்க்யூட் போர்டு கிடையாது. அதனால் ஏதாவது தவறினால் திரையில் எச்சரிக்கை வராது. மின்னோட்டமும் தானாக நிற்காது. என்னிடம் சரிபார்க்கக் கொண்டுவரப்படும் மோட்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனதற்கு ஒரே பழக்கம் காரணமாக இருக்கிறது: ஏதோ சரியில்லை என்று தெரிந்த பிறகும் "பார்க்கலாமே" என்று இன்னொரு முறை பட்டனை அழுத்துவது. சர்க்யூட் உள்ள கருவியில் அப்படிச் செய்தால் திரையில் ஒரு பிழைச் செய்தி வரும், அத்துடன் சரி. மெக் மோடில் அந்த ஓர் அழுத்தல் பேட்டரியின் முழுச் சக்தியையும் கோளாறான இடத்துக்குள் திறந்துவிடும்.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பணம் போகும் காரணம் கடைசியிலும் இருக்கின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

விரலை எடுங்கள். பூட்டு வளையம் இருந்தால் பட்டனைப் பூட்டுங்கள். பேட்டரியை வெளியே எடுத்துத் தீப்பிடிக்காத தரையில் தனியாக வையுங்கள். அட்டோமைசரைக் கழற்றி ஓம் மீட்டரில் பொருத்துங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பேட்டரி உள்ளே இருக்கும்போது எதையும் திருகவோ சுரண்டவோ கூடாது.

வேண்டிய கருவிகள்: 510 மரை (அட்டோமைசரைத் திருகும் வழக்கமான மரை அளவு) உள்ள ஓம் மீட்டர், வோல்ட் பார்க்க ஒரு மல்டிமீட்டர், பீங்கான் முனை இடுக்கி, சிறிய திருப்புளி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. ஓம் மீட்டருக்குச் செலவழிக்க மனமில்லாதவர் மெக் மோட் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு ஒன்றே ஒன்று: வோல்ட்டைக் காயிலின் தடையால், அதாவது ஓமால், வகுத்தால் ஆம்பியர். பேட்டரி மீது 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் கணக்குக்கு 4.2 வோல்ட்டையே எடுங்கள், முழுதாகச் சார்ஜ் ஆன செல்லில் (ஒற்றைப் பேட்டரியில்) இருப்பது அதுதான்.

- 0.5 ஓம்: 8.4 ஆம்பியர்
- 0.4 ஓம்: 10.5 ஆம்பியர்
- 0.3 ஓம்: 14 ஆம்பியர்
- 0.2 ஓம்: 21 ஆம்பியர்
- 0.1 ஓம்: 42 ஆம்பியர்

வந்த எண்ணைப் பேட்டரியின் தொடர் மின்னோட்ட வரம்போடு (இடைவிடாமல் தரக்கூடிய அளவோடு) ஒப்பிடுங்கள். உறையில் பெரிய எழுத்தில் போடப்படும் உச்ச மின்னோட்டம் சில விநாடிகளுக்கானது, அதை மறந்துவிடுங்கள். சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 இரண்டுக்கும் தொடர் வரம்பு 20 ஆம்பியர். சாம்சங் 30கியூவுக்கு 15. எல்ஜி எச்பி6 30 ஆம்பியர் தரும், ஆனால் அதன் கொள்ளளவு 1500 மில்லி ஆம்பியர் மணிதான். அதிக ஆம்பியரும் அதிகக் கொள்ளளவும் ஒரே செல்லில் தாராளமாகக் கிடைப்பதில்லை. வரம்பில் முக்கால் பங்குக்குள் நில்லுங்கள்: 20 ஆம்பியர் செல்லுக்கு 0.3 ஓம், 15 ஆம்பியர் செல்லுக்கு 0.4 ஓம் என்பவை கடைசி எல்லை. புதியவர் 0.5 ஓமில் தொடங்கினால் போதும்.

இந்த செல்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள், பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாமல் இவற்றைத் தனியாக இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எச்சரித்திருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கணக்கும் அந்த எச்சரிக்கையை இல்லாமல் ஆக்கிவிடாது.

## சீறும் ஒலி, இனிப்புக் கலந்த கரைப்பான் மணம், புகை

இந்தப் பகுதியைத் தேவை வரும்போது படிக்க நேரம் இருக்காது, இப்போதே படித்துவிடுங்கள்.

செல்லுக்குள் அழுத்தம் ஏறி அதன் வாயு வெளியேறத் தொடங்கிவிட்டது. காரணம் தேட வேண்டாம். மோட் கையில் இருந்தால் கீழே போட்டுவிட்டு விலகுங்கள். மூடியைத் திறந்து பேட்டரியைக் காப்பாற்றலாம் என்று முயலக் கூடாது. வாயு வெளியேறத் துளை போதாத குழாயில் அழுத்தம் ஏறினால் மூடியும் அட்டோமைசரும் எறிபொருளாகப் பாயும். அமெரிக்காவில் 2018இல் ஃபுளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் வேப் கருவி வெடித்து இருவர் இறந்தது, துண்டுகள் தலையிலும் கழுத்திலும் பாய்ந்ததால்தான்.

எளிதில் வெளியே தள்ள முடிந்தால்: காலாலோ நீளமான குச்சியாலோ திறந்தவெளியில், சிமெண்ட் அல்லது மண் தரைக்கு நகர்த்துங்கள். மூடிய உலோகப் பெட்டிக்குள் போடக் கூடாது.

நகர்த்த முடியாவிட்டால்: ஆட்களை வெளியேற்றுங்கள், கதவு சன்னலைத் திறந்துவிட்டு நீங்களும் வெளியேறுங்கள். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கக்கூடும். ஒரு மூச்சும் உள்ளே இழுக்கக் கூடாது.

தீ பிடித்துவிட்டால்: லித்தியம் அயன் செல்லுக்குத் தண்ணீர் ஊற்றலாம், நிறைய ஊற்ற வேண்டும். தீ அணைந்தபின் மறுபடி பற்றக்கூடும் என்பதால் உடனே கையில் எடுக்க வேண்டாம். அறைக்குள் புகை பரவினாலோ வேறு பொருள் பற்றினாலோ தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

உடலில் பட்டிருந்தால்: அந்தத் துணியை அகற்றி, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பற்பசை, மாவு எதையும் தடவாதீர்கள். புகையை இழுத்து இருமல் வந்தாலும், கண்ணில் பட்டாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். பேட்டரி வெடித்தது என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள்; அது வெறும் தீக்காயம் இல்லை.

## பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

இதில் முதல் கேள்வி ஒன்று உண்டு: பேட்டரி சூடாகிறதா? ஆம் என்றால் இது "ஒன்றும் நடக்கவில்லை" என்ற கோளாறே இல்லை. காயிலைத் தவிர்த்துவிட்டு மின்சாரம் வேறு வழியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரியை எடுத்துவிட்டு "பேட்டரியும் குழாயும் சூடாகின்றன" என்ற பகுதிக்குப் போங்கள். பேட்டரி குளிர்ந்தே இருந்தால் மட்டும் இங்கே தொடருங்கள்.

பூட்டு வளையம். சிரிக்க வேண்டாம், கணிசமான "பழுதான" மோட்கள் இதோடு சரியாகிவிடுகின்றன.

பேட்டரி தீர்ந்திருக்கிறது. மல்டிமீட்டரில் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்யுங்கள். மெக் மோடில் பேட்டரி தீரும்போது அதை நிறுத்திச் சொல்ல யாரும் இல்லை. ஆவி குறைவதை உணர்ந்து நீங்கள்தான் நிறுத்த வேண்டும். 3.5 வோல்ட்டில் மாற்றிக்கொள்வது நல்லது.

முனை தொடவில்லை. பேட்டரி குழாய்க்குள் ஆடினால் அடியிலுள்ள தொடுமுனையை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். காகிதத்தையோ நாணயத்தையோ செருகி இடைவெளியை நிரப்பும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

அழுக்கு. மரைகளையும் முனைகளையும் ஆல்கஹாலில் துடையுங்கள். தாமிர, பித்தளைக் குழாய்களில் மரைக்குள் ஆக்சைடு படிந்து மின்சாரத்தைத் தடுக்கும்.

காயில் அறுந்திருக்கிறது. ஓம் மீட்டர் எண்ணே காட்டாது. வேறு காயில் கட்டுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இயங்கவில்லை என்றால் பட்டன் தொகுதியை மாற்ற வேண்டும்.

## பட்டன் மட்டும் சூடாகிறது

பட்டனில் சேரும் சூடு, மின்சாரம் அங்கே தடுமாறுகிறது என்பதற்கு அடையாளம். வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 14 ஆம்பியரில் சுமார் 4 வாட் வெப்பம் உங்கள் விரலுக்கு அடியில் உருவாகும்.

முதலில் பட்டனை முழுதாகப் பிரித்து முனைகளைத் துடையுங்கள். கரும்புள்ளி படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். அடுத்து மரைகள் முழுதாகத் திருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அதன்பின் காயிலின் ஓமைப் பார்த்து ஆம்பியர் கணக்கைப் போடுங்கள். சில சமயம் பட்டன்மீது குற்றமே இருக்காது, காயில் கேட்பது அதிகமாக இருக்கும்.

ஸ்பிரிங் உள்ள பட்டனில் ஒன்றைத் தவறாமல் பாருங்கள். ஸ்பிரிங் வழியாகவே மின்சாரம் ஓடும் அமைப்பில், அது சூடேறி விறைப்பை இழந்து அமுங்கிவிடும். அமுங்கிய ஸ்பிரிங் பட்டனைத் திரும்பத் தள்ளாது. விரலை எடுத்த பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அமுங்கிய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மறுபடி போடுவது கூடவே கூடாது, புதியது வாங்குங்கள். காந்தப் பட்டன்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் வெப்பத்தால் காந்தம் வலுவிழக்கும். பட்டன் சோம்பலாகத் திரும்பினால் அதையும் மாற்றுங்கள்.

பட்டனைச் சுற்றியுள்ள மின்காப்பு வளையம் உருகியோ வெடித்தோ இருந்தால் அந்த மோடுக்கு உரிய உதிரிப்பாகம் கிடைக்கும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம். வேறு பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டும் கைவண்ணத்தை இங்கே காட்ட வேண்டாம்.

## பேட்டரியும் குழாயும் சூடாகின்றன

தொடர்ந்து இழுத்த பிறகு இளஞ்சூடு இருப்பது இயல்பு. பேட்டரியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வசதியாகப் பிடித்திருக்க முடியவில்லை என்றால் அது கோளாறு. இடையில் எதுவும் இல்லை. "கொஞ்சம் ஆறட்டும், பிறகு பயன்படுத்தலாம்" என்பவர்களோடு நான் வாதாடி அலுத்துவிட்டேன். ஆறிய பேட்டரியோடு காரணமும் ஆறிவிடாது.

### அழுத்தும்போது மட்டும் சூடாகிறது

காயில் கேட்பது அதிகம். ஓமை அளந்து கணக்குப் போடுங்கள். இதில் அடிக்கடி சறுக்குவது இரட்டைக் காயில்தான். 0.4 ஓம் காயில்கள் இரண்டைச் சேர்த்துப் பொருத்தினால் மொத்தம் 0.8 ஆகாது, பாதியாகி 0.2 ஆகும். 0.2 ஓம் வேண்டும் என்று நினைத்து ஒவ்வொன்றையும் 0.2இல் கட்டியவருக்குக் கிடைப்பது 0.1 ஓம், அதாவது 42 ஆம்பியர். முன்னே சொன்ன செல்களில் அதைத் தாங்கக்கூடியது ஒன்றும் இல்லை.

காயில் ஏதோ உலோகத்தைத் தொடுகிறது. வெட்டாமல் விட்ட காயில் கால், டெக்கை (காயிலைப் பொருத்தும் அடித்தட்டை) தொடும் சுற்று, அட்டோமைசரின் மூடியைப் போட்டவுடன் அதன் உட்புறத்தில் உரசும் காயில். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க ஓமை இரண்டு முறை அளக்க வேண்டும், மூடி இல்லாமல் ஒருமுறை, மூடியோடு ஒருமுறை. எண் மாறினால் திருடன் அகப்பட்டான். பலர் மூடி இல்லாமல் மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பேட்டரிக்கு வயதாகிவிட்டது. காயில் அதே, ஓம் அதே, முன்பு வராத சூடு இப்போது வருகிறது என்றால் செல்லின் உட்தடை ஏறிவிட்டது. சரிசெய்ய வழியில்லை. மாற்றுங்கள்.

பேட்டரி போலி. 18650 என்ற உருளை செல் அளவில் 5000, 6000, 9000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட உறை பொய் சொல்கிறது. தராசு இருந்தால் எடை பாருங்கள். நல்ல 18650 செல் பெரும்பாலும் 42 முதல் 50 கிராம் வரை இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. பழைய மடிக்கணினி பேட்டரியிலிருந்து பிரித்த செல்களையும் மெக் மோடில் போடாதீர்கள். அவை குறைந்த மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டவை, வயதும் தெரியாது.

### அழுத்தாமலே சூடாகிறது

இதுதான் மிகக் கெட்ட அறிகுறி. உடனே பேட்டரியை எடுங்கள். மரை இறுகி வரவில்லை, சூடும் ஏறுகிறது என்றால் போராட வேண்டாம்; வெளியே வைத்துவிட்டு மேலே உள்ள சீறும் ஒலிப் பகுதியில் சொன்னபடி செய்யுங்கள்.

பேட்டரி வெளியே வந்து ஆறிவிட்டதென்றால், பின்வரும் வரிசையில் பாருங்கள்.

பட்டன் சிக்கிக்கொண்டிருக்கிறது. அடியில் பட்டன் உள்ள மோடை நிமிர்த்தி மேசைமீது வைத்தாலே சிலவற்றில் பட்டன் அமுங்கும். பாக்கெட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் செய்தியான 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்தது. அவற்றில் 61 சம்பவங்கள் கருவியோ உதிரி பேட்டரியோ பாக்கெட்டில் இருந்தபோது நடந்தவை. பையிலோ பாக்கெட்டிலோ எடுத்துப்போகும்போது பூட்டு வளையத்தை மட்டும் நம்பாமல் பேட்டரியைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள்.

உறை கிழிந்திருக்கிறது. லித்தியம் அயன் செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. உச்சியில் நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பும் எதிர்முனைதான். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய வளையமும் பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. உறை கிழிந்த இடம் குழாயைத் தொட்டால், பட்டனுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

ஹைப்ரிட் மேல்மூடியில் பொருந்தாத அட்டோமைசர். ஹைப்ரிட் மூடியில் அட்டோமைசரின் நடுமுனை நேரடியாகப் பேட்டரியைத் தொடும். அந்த நடுமுனை, சுற்றியுள்ள 510 மரையைவிடத் தெளிவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மரையோடு சமமாக இருந்தால் மரையின் விளிம்பு பேட்டரியின் நேர்முனையையும் உச்சி விளிம்பையும் ஒருசேரத் தொட்டு நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். கண்ணால் பக்கவாட்டில் பாருங்கள். நகத்தை மரையின்மீது வைத்து நகர்த்தும்போது நடுமுனையில் நகம் தட்டி நிற்க வேண்டும். ஸ்பிரிங் வைத்து உள்ளே அமுங்கும் நடுமுனை ஹைப்ரிடில் கூடவே கூடாது, வெளியே நீட்டியிருப்பது போலத் தெரிந்தாலும் திருகும்போது உள்ளே போய்விடும். டேங்க் வகை (திரவத்தைத் தொட்டியில் வைத்திருக்கும்) அட்டோமைசர்கள் பலவற்றில் நடுமுனை குட்டை. சந்தேகம் இருந்தால் போடாதீர்கள். புதியவர் ஹைப்ரிட் மூடியையே வாங்க வேண்டாம் என்பேன்.

ஒருமுறை இப்படி ஷார்ட் ஆகிச் சூடேறிய பேட்டரியை, வெளியில் நன்றாகத் தெரிந்தாலும், மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். குழாயை, அனுபவமுள்ள ஒருவர் பிரித்துப் பார்த்து மின்காப்பு வளையங்கள் நன்றாக இருக்கின்றன என்று சொன்ன பிறகே திரும்ப எடுங்கள்.

## ஓம் அளவு நம்பும்படி இல்லை

### எண் துள்ளுகிறது

திருகுகள் தளர்ந்திருக்கின்றன. காயில் சில முறை சூடாகி ஆறியதும் கால்கள் சற்று நெகிழும்; மறுபடி இறுக்க வேண்டியது வழக்கமான வேலை. அதிகம் இறுக்கினால் கம்பி நறுங்கி அறும். இறுக்கியும் துள்ளினால் 510 நடுமுனையைப் பாருங்கள், அது தளர்ந்திருக்கலாம். அதன் மின்காப்பு உருகி நடுமுனை சாய்ந்திருந்தால் அட்டோமைசரை மாற்றுங்கள். எண் 0.02 அளவில் அசைவதைப் பற்றி 0.5 ஓம் காயிலில் கவலைப்பட வேண்டாம்.

### எதிர்பார்த்ததைவிடக் குறைவு

சுற்றை எண்ணுங்கள். 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள காந்தால் ஏ1 என்ற காயில் கம்பியை 3 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் சுற்றினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.12 ஓம் வரும். நான்கு சுற்றும் கால்களும் சேர்ந்து 0.5 ஓமுக்குச் சற்று மேல். ஒரு சுற்றைத் தவறவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

சுற்று சரி, எண் மட்டும் குறைவு என்றால் கம்பி வேறு. அதே தடிமனில் நிக்ரோம் 80 கம்பியின் தடை காந்தாலைவிடக் கால் பங்கு குறைவு. எஸ்எஸ் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் ஏறத்தாழப் பாதி. நிக்கல் 200 பதினைந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அது வெப்பக் கட்டுப்பாட்டுச் சர்க்யூட் உள்ள கருவிகளுக்கானது, மெக் மோடில் அது ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். சுருளில் பெயர்ச்சீட்டு போய்விட்ட கம்பியைக் குப்பையில் போடுங்கள். மீதமிருக்கும் சில மீட்டர் கம்பிக்காக யோசிக்க வேண்டாம்.

இரண்டும் சரியாக இருந்தால் ஷார்ட். காயில் கால்கள், டெக், மூடி என்று மேலே சொன்னபடி தேடுங்கள். ஓம் மீட்டர் 0.1க்குக் கீழே காட்டினாலோ பிழை என்று காட்டினாலோ அந்த அட்டோமைசரை மோடில் வைக்கவே கூடாது.

### மீட்டருக்கு மீட்டர் எண் மாறுகிறது

சாதாரண மல்டிமீட்டரில் காயிலை அளந்தவர்கள் இங்கே வருவார்கள். அதன் கம்பிகளுக்கே 0.1 முதல் 0.3 ஓம் வரை தடை இருக்கும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். திரையில் தெரியும் எண்ணை ஒவ்வோர் அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் தவறு ஆபத்தான பக்கமே சாயும்: உண்மையில் 0.3 ஓம் உள்ள காயில் 0.5 என்று காட்டும், 8.4 ஆம்பியர் என்று நீங்கள் நினைத்திருக்க 14 ஆம்பியர் ஓடும்.

ஓம் மீட்டரும் துல்லியமானது என்று சத்தியம் செய்ய முடியாது. 0.05 ஓம் பிழை இருந்தால் 0.5 ஓம் காயிலில் மின்னோட்டம் 8.4இலிருந்து 9.3 ஆகும், அவ்வளவுதான். அதே பிழை 0.1 ஓம் காயிலில் 42 ஆம்பியரை 84 ஆக்கிவிடும். குறைந்த ஓமில் விளையாடுபவர்கள் மீட்டரை எவ்வளவு நம்புகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

## காயில் சீராகச் சிவக்கவில்லை

இந்தச் சோதனையைச் சர்க்யூட் உள்ள கருவியிலோ காயில் கட்டும் மேடையிலோ, குறைந்த வாட்டில், காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சை வைக்காமல் செய்யுங்கள். மெக் மோடில் வைத்துச் சிவக்கவிடுவது வேண்டாம்.

ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று சிவந்தால், அணைத்துவிட்டுப் பீங்கான் முனையால் காயிலை மெதுவாக வருடுங்கள், பின் இலேசாக அழுத்திச் சுற்றுகளை நெருக்குங்கள். மறுபடி விட்டு விட்டுச் சூடாக்கிப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிவந்தால் சரி.

கால்கள் முதலில் சிவந்தால் திருகு இறுகவில்லை, அல்லது கால்கள் நீளமாக இருக்கின்றன. இரட்டைக் காயிலில் ஒன்று முந்திச் சிவந்தால் இரண்டின் சுற்று எண்ணிக்கையும் கால் நீளமும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் பிரித்துக் கட்டுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிச் சமன்செய்ய முயல்வது வீண் நேரம்.

## கருகிய சுவை

பெரும்பாலும் பஞ்சு காய்ந்திருக்கிறது, அல்லது காயிலுக்குள் அளவுக்கு மீறித் திணிக்கப்பட்டிருக்கிறது. பஞ்சை மாற்றுங்கள். புதுப் பஞ்சிலும் உடனே கருகினால் ஓமை அளங்கள்.

## ஆவி குறைகிறது, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

மெக் மோடில் பேட்டரி இறங்க இறங்க ஆவியும் குறைவது இயல்பு. 0.5 ஓம் காயில் 4.2 வோல்ட்டில் சுமார் 35 வாட் தரும், 3.5 வோல்ட்டில் 24.5 வாட்தான். இதைக் கோளாறு என்று நினைத்து ஓமைக் குறைத்துக்கொண்டே போவதுதான் பலர் இறங்கும் சறுக்குப் பாதை.

முழுச் சார்ஜிலேயே ஆவி குறைவு என்றால் முனைகளையும் மரைகளையும் துடையுங்கள். அப்படியும் குறைவு என்றால் வேறு நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பழைய பேட்டரி தன் காலத்தை முடித்துவிட்டது. சார்ஜ் செய்து வெளியே சும்மா வைத்த செல், ஓரிரு நாளில் 4.2இலிருந்து 4.1க்கோ அதற்குக் கீழோ இறங்கினால் உள்ளே மின்கசிவு இருக்கிறது. அதையும் ஒதுக்குங்கள்.

இரண்டு பேட்டரிகளைத் தொடராக அடுக்கும் மோட்கள் 8.4 வோல்ட் தரும். அதே காயிலில் மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஆவி போதவில்லை என்பதற்கு அது விடை ஆகாது.

## பேட்டரி உறையில் கீறல்

உறை மட்டும் கிழிந்து, உலோகம் நன்றாக இருந்தால்: புது உறை போடலாம். பழைய உறையை நகத்தாலோ பிளாஸ்டிக் முனையாலோ உரியுங்கள், கத்தி வேண்டாம். உச்சியிலுள்ள காகித வளையம் கெட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். 18650க்கு உரிய சுருங்கும் உறையை மாட்டி, முடி உலர்த்தியின் சூடான காற்றில் சில விநாடிகள் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். செல்லை மேலும் சூடாக்காதீர்கள். மின்காப்பு நாடா சுற்றுவது தற்காலிகத் தீர்வாகக்கூட ஆகாது. குழாய்க்குள் தள்ளும்போது அது உருண்டு பிரியும்.

உலோகத்தில் குழி, துரு, கசிவு இருந்தால்: உறை மாற்றுவதில் பயனில்லை. அந்தச் செல் முடிந்தது.

## சார்ஜரில் கோளாறு

மெக் மோடுக்கு வெளிச் சார்ஜர் ஒன்றே வழி. தீப்பிடிக்காத இடத்தில், நீங்கள் விழித்திருக்கும்போது, 1 ஆம்பியர் அளவில் சார்ஜ் செய்யுங்கள். உறைபனிக் குளிரில் இருந்து எடுத்த செல்லை அறை வெப்பத்துக்கு வந்தபின் சார்ஜரில் வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து செல் ஆபத்தாகும்.

செல்லைச் சார்ஜர் ஏற்கவில்லை: வோல்ட் பாருங்கள். 2.5க்குக் கீழே போயிருந்தால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம். சில சார்ஜர்களில் "மீட்பு" வசதி இருக்கிறது. மெக் மோடுக்குப் போகப்போகும் செல்லில் அதைத் தொடாதீர்கள்.

சார்ஜ் ஆகும்போது சூடு: இளஞ்சூட்டுக்கு மேல் போனால் நிறுத்துங்கள். வேறு செல்லை வைத்துப் பாருங்கள். அதுவும் சூடானால் சார்ஜர் கெட்டது, சூடாகாவிட்டால் முதல் செல் கெட்டது.

முழுச் சார்ஜுக்குப் பின் 4.25 வோல்ட்டுக்கு மேல்: சார்ஜரைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். அப்படி ஏறிய செல்லையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

ஒதுக்கிய செல்களின் இரு முனைகளையும் நாடாவால் மூடி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். உப்பு நீரில் ஊறப்போட்டு "செயலிழக்கச் செய்யும்" முறை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அது முனைகளை அரித்துவிடும், உள்ளே இருக்கும் சக்தி அப்படியே மிஞ்சக்கூடும். பிறகு எவ்வளவு மிச்சம் என்று அளக்கவும் முடியாது. ஒப்படைக்கும் நாள் வரும்வரை அவற்றை ஒன்றையொன்று தொடாமல், வீட்டுக்குள் படுக்கும் அறைக்குத் தள்ளி, எரியாத தரையில் வையுங்கள்.